தங்கை சுமந்த துடிப்பு

மதியம் மூன்று மணிக்கு வந்த அழைப்பில் ஏதோ பிசகியிருந்தது.

"உங்க பையனோட இதயம் நடுநடுவுல நிக்குது சார். மூணு செகண்ட், நாலு செகண்ட். தூங்குறாரா?" என்று கேட்டாள் கண்காணிப்பு மையத்து நர்ஸ்.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் எதிரே பார்த்தார். மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இதயத் துடிப்பைப் படித்து மையத்துக்கு அனுப்பும் பட்டை ஒட்டியிருந்தது அவள் மார்பில். மகன் மார்பில் அல்ல.

அவருடைய அப்பா ரயில் ஓட்டியவர். இவரும் முப்பத்தெட்டு வருடம் ஒரு புகாரில்லாமல் ஓட்டி இறங்கியவர். மகன் இன்ஜினுக்குள் மயங்கி விழுந்தபோது, ஏழு நாள் பட்டையை ஒட்டிக்கொண்டு வீட்டில் இருக்கச் சொன்னார் ரயில்வே டாக்டர். அறிக்கை மோசமாக வந்தால் இனி இன்ஜின் கிடையாது; ஏதோ ஓர் அலுவலக மூலையில் ஒரு நாற்காலி.

"மூணு தலைமுறைப் பேரு. பட்டையை அவன் ஒட்டிக்க வேண்டாம், நீ ஒட்டிக்க," என்று மகளிடம் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"பட்டை சரியா ஒட்டலைம்மா," என்று போனை வைத்தார்.

"யாருப்பா?"

"மெஷினுக்குக் கிறுக்கு. உனக்கு ஏதாவது பண்ணுதா?"

"பசிக்குது. அதுக்கும் போன் பண்ணுவாங்களா?" சிரித்தாள்.

ஈரத் துணி சூடேறும் மணமும், மின்விசிறியின் முனகலும், சுவரோரம் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த வெயிலும் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் மாடியறையில் படுத்திருந்த மகன் புரளப் புரளக் கிறீச்சிட்ட கட்டில், திடீரென்று அடங்கி, அவர் மூன்று, நான்கு என்று தன்னையறியாமல் எண்ணி முடித்த பிறகே மறுபடி கிறீச்சிட்டது.

போன் அடித்தது.

"ஏழு செகண்ட் சார். ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

ஒரு வார்த்தை போதும். ஆள் மாறாட்டம் என்று சொன்னால் போதும். ஆனால் வண்டி வந்தால் தெருவே ஜன்னலைத் திறக்கும். பட்டை யார் மார்பில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எழுதுவார்கள்.

"வேண்டாம். தேவைன்னா நானே கூப்பிடறேன்."

மாடியில் தொப்பென்று ஒரு சத்தம்.

"அண்ணன் விழுந்த மாதிரி இருக்குப்பா."

"நீ வேலையைப் பாரு."

உட்கார்ந்தே இருந்தார். எதையோ பிறாண்டும் சத்தம். பலகையில் நகம் படுவதுபோல. பிறகு அதுவும் இல்லை.

அப்புறம்தான் எழுந்து போனார்.

மகன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. புரட்டினார். மார்பில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தார். ஒன்றுமில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"பயந்துட்டீங்களா சார்? நீங்க சொன்ன மாதிரி பட்டைதான் போல, சரியாயிடுச்சு. எழுபத்திரண்டு. அறிக்கையில ஒரு குறையும் வராது."

செத்த மகனின் தலை மடியில் இருக்க, அவருக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. வந்த பிறகுதான் அது தன்னுடையது என்று தெரிந்தது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"தூங்குறான்."

"இல்லையே சார். பட்டையில அசைவும் தெரியும். படி ஏறிட்டிருக்கார்."

படியில் காலடி. ஒன்று. நின்றது. இன்னொன்று. கீழேயிருந்து துணி கருகும் நாற்றம்.

"எழுபத்திரண்டு," என்றாள் நர்ஸ். "அருமையான துடிப்பு."

மகள் வாசலில் வந்து நின்றாள். உதடுகள் நீலம். மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. இடது கண்ணில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. கால்களைத் தேய்த்துக்கொண்டது. கருவிழியின் மேல் மெதுவாக நடந்தது.

அவள் இமைக்கவில்லை.