ரூபியின் கால் பட்டை

குழந்தையின் காலிலிருந்து கடுகெண்ணெய் வாசம் வந்தது.

அற்புதமேரி முதலில் நம்பவில்லை. பிறந்த குழந்தைமேல் பால் வாசம் அடிக்கும், சாம்பிராணி வாசம் அடிக்கும், மிஞ்சிப்போனால் மூத்திரம். இது வேறு. மேலாகக் கடுகெண்ணெயின் காரம், அதற்கு அடியில் மண்ணெண்ணெய், மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனால் தேக்கா மார்க்கெட்டில் விலைபோகாமல் கிடந்த ஆட்டிறைச்சியின் வாடை. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் பாதத்தை மோந்துவிட்டுக் குமட்டுகிறவளும் ஒரு தாயா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வெளியே மழைக்கால மத்தியானம் சாயங்காலமாக இருட்டிக் கிடந்தது. புக்கிட் தீமா சாலையில் சீன முதலாளி டவுக்கேயின் பெரிய வீடு, அதன் பின்னால் குதிரை லாயம், லாயத்தை ஒட்டி வேலைக்காரர்களின் பலகை வீடுகள். கணவன் ஜார்ஜ் அங்கே குதிரைக்காரன். லாயத்தின் பாதி இப்போது காலி. ரூபி என்கிற குதிரையைப் போன வாரம் சுட்டுப் போட்டுவிட்டார்கள், மேரிக்கு வலி எடுத்த அன்றைக்கு.

பிள்ளையின் காலுக்குக் கட்டுப் போட்டவள் பக்கத்து வீட்டு நஃபீசாக்கா. கால் கோணாமல் வளர வேண்டுமென்று மலாய்ப் பெண்கள் இடுப்பிலிருந்து பாதம் வரை துணியை இறுக்கிச் சுற்றுவார்கள், பெடோங் என்பார்கள். தெருவில் எல்லாருமே அதைப் பழகிக்கொண்டார்கள். துணியை ஜார்ஜ்தான் கொண்டுவந்தான். நீளமான வெள்ளை ஃபிளானல் பட்டை, தொட்டால் பூனைக்குட்டி வயிறு மாதிரி. மேரிக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்!

அவள் கட்டைப் பிரித்தாள். பாதங்கள் சுத்தமாக, வெளுப்பாக இருந்தன. துணிதான் ஈரம். மூத்திரமில்லை. மஞ்சளாக, இழுத்தால் நூல்விடும் ஈரம். சுவரைத் தட்டி நஃபீசாக்காவைக் கூப்பிட்டாள்.

நஃபீசா துணியை முகத்துக்கு நேரே பிடித்து மோந்தாள். "ஒண்ணும் இல்ல லா மேரி. காஞ்ச துணிதானே? பிள்ளை பெத்த உடம்பு, மூக்கு அப்படித்தான் சொல்லும்."

"ஈரமா இருக்குக்கா. கையில ஒட்டுது."

"காத்தாடவே இல்ல வீடு, அதான். இரு, நானே கட்டி விடுறேன்." மறுபடி இறுக்கிச் சுற்றினாள், கன்னத்தைக் கிள்ளினாள். "ஆனா தங்கமான பிள்ளை. கட்டுப் போட்டதிலேருந்து சத்தமே காணோம்."

அவள் போன பிறகுதான் மேரிக்கு உறைத்தது. உண்மைதான். பிறந்ததும் வீடே அதிர அழுதவன், கட்டுப் போட்டதிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பசித்தால் வாயைத் திறக்கிறான், விழிக்கிறான், அவ்வளவுதான். கூரைத் தகரத்தில் மழை, ஓரத்துச் சாக்கடையில் தண்ணீர், அதற்கு நடுவே குழந்தையின் காலில் மொய்க்கிற ஈக்களின் சத்தம். பால் கொடுக்கத் தூக்கினாள். வாடை நெஞ்சுவரை ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டே கீழே கிடத்தினாள்.

ஜார்ஜ் நனைந்து வந்தான். அவன் கையிலும் அதே வாடை, இத்தனை நாளும் லாயத்து வாடை என்று அவள் நினைத்திருந்தது.

"என்னங்க, அந்தப் பட்டை ஏது?"

"ரூபியோடது." சட்டையைப் பிழிந்தான். "நல்லா அவிச்சுத் துவைச்சேன் லா. வெள்ளைக்காரன் துணி, தூக்கிப் போட மனசு வரல."

"ரூபிக்கு எதுக்குப் பட்டை?"

அவன் உட்கார்ந்தான். ரூபியைப் பற்றிக் கேட்டால் ஜார்ஜுக்குச் சோறு தண்ணி வேண்டாம். மற்ற குதிரை ஓடினால் மேலே இருக்கிறவன் குடல் குலுங்கும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ரூபிக்குப் பிறவியிலேயே வேறு நடை. ஒவ்வொரு காலும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் தப்பாமல் விழும். டவுக்கே கோப்பித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சவாரி போவார், ஒரு சொட்டுச் சிந்தாது.

"ஆனா குதிரை ஷோவுக்கு அது பத்தாது. காலை நெஞ்சு வரைக்கும் தூக்கினாத்தான் கை தட்டுவாங்க. அதுக்குக் கடுகெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து கணுக்கால்ல தேய்ப்போம். மேல பட்டையைச் சுத்தி விட்டுருவோம். உள்ளே வெந்து கிடக்கும். காலைத் தரையில வெச்சா எரியும், உடனே தூக்கிரும். அடடா, எவ்வளவு உசரம்!"

"கத்தாதா?"

"குதிரை எங்க கத்தும்? காலைத் தூக்கும், அவ்வளவுதான். கடைசியிலதான் பட்டையோட தோலும் சேர்ந்து வந்துருச்சு. படுத்துச்சு, எந்திரிக்கல." அவன் கண் கலங்கியது. "அந்த மாதிரி நடை இனி யாருக்கு வரும், மேரி?"

அவன் அழுதது ரூபிக்காக இல்லை, நடைக்காக. மேரிக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்தக் கையால்தானே பிள்ளையை வாங்கி முத்தினான்! எழக் கூடாத உடம்போடு எழுந்தாள். பிள்ளையின் காலில் இருந்த பட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். மயிர் பொசுங்கும் நாற்றம் வீடெல்லாம் நிறைந்தது. ஃபிளானலில் ஏது மயிர்? வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிள்ளையின் காலைத் தேய்த்துக் கழுவினாள், தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். குனிந்து மோந்தாள். சோப்பு வாசம். மாதாவே, வெறும் சோப்பு வாசம். முதல் தடவையாகப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து அழுதாள், கால் இரண்டிலும் மாறி மாறி முத்தினாள்.

உதட்டில் ஏதோ ஒட்டியது.

நாக்கால் தொட்டாள். காரம்.

மழை நின்றுவிட்டிருந்தது. பலகைத் தரைக்கு அடியில் சத்தம். டக். டக். டக். டக். அவசரமில்லாமல், சமமாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஜார்ஜ் தலையை நிமிர்த்தினான். அவனுக்கும் கேட்டது. அவன் பயப்படவில்லை. முகம் மலர்ந்தது.

சேலைத்துண்டு நனைந்துகொண்டிருந்தது. மஞ்சளாக. மேரி பிள்ளையைப் பாயில் கிடத்தி அவிழ்த்தாள். பாதி வந்தது. மீதி வரவில்லை. துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. இழுத்தாள். விட்டாள்.

பிள்ளை வாயைத் திறந்தான். சத்தமில்லை.

இடது கால் பாயில் பட்டது. சட்டென்று நெஞ்சு வரை உயர்ந்தது. பிறகு இடது கை. வலது கால். வலது கை. பட்டது. உயர்ந்தது. பட்டது. உயர்ந்தது. திறந்த வாய் திறந்தபடி. தரைக்கு அடியில் அதே தாளம்.

"தூக்குங்க! பிள்ளையத் தூக்குங்க!" என்று அலறினாள். எழ முயன்றாள். கால் வரவில்லை.

ஜார்ஜ் தூக்கவில்லை. பாய் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தான். கண்ணில் நீர் தளும்பியது.

"தப்பவே இல்ல, பாரு. எவ்வளவு அழகா தூக்குறான்!"

அவன் விரல்கள் ஏற்கெனவே எண்ணெயில் நனைந்திருந்தன.

"இன்னும் கொஞ்சம் உசரமா வரும் லா," என்று சொல்லிப் பிள்ளையின் கணுக்காலை மெல்லப் பிடித்தான்.