டாக்டர் ஓகே சொன்னார்!

போன் அலறியது!

ரோகினி எடுத்தாள்.

"ம்மா... அப்பா பேசுறேன்..."

"என்னப்பா, இப்படி மூச்சு வாங்குது? பன்னி துரத்துச்சா?"

"டாக்டரு... உங்க ஆபீஸ் டாக்டரு... காட்டோரக் கால்வாயில குப்புறக் கெடக்காரும்மா! திருப்பிப் பார்த்தேன்... மண்டை பொளந்திருக்கு!"

"ஐயோ! தொட்டீங்களா?"

"தொடாம எப்படி? உசிரு இருக்கான்னு பார்க்க வேணாமா? சட்டையெல்லாம் ரத்தம்..."

ரோகினியின் கையிலிருந்து கோப்பி சாய்ந்து கீபோர்டில் ஓடியது.

மணி பதினொன்று ஐந்து.

செண்டாயானில் ஒரு வன ஆய்வு மையம். அங்கே விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதை ஊருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவது ரோகினியின் வேலை. செத்துக் கிடந்தவர் அந்த மையத்தின் டாக்டர் திருநாவுக்கரசு. முப்பது வருடமாக மரங்களை எண்ணிய மனிதர். கிடந்த இடம் மையத்துக்கு அரைமணி தூரத்தில் உள்ள ரப்பர் தோட்டம். அங்கே பால்வெட்டுகிறவர்தான் அவளுடைய அப்பா, சன்னாசி.

மதியம் ஒரு மணிக்கு சன்னாசியின் கையில் விலங்கு!

* * *

"உட்காரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர் மகேந்திரன்.

சிரம்பான் போலீஸ் நிலையம். காற்றாடி சுற்றியது. காற்றுதான் வரவில்லை.

"எங்கப்பா கொலை பண்ணலை சார்."

"எல்லா மகளும் அதைத்தான் சொல்றாங்க."

"எல்லா அப்பாவும் கொலைகாரங்களா சார்?"

மகேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வேலை நேரம் என்பது ஞாபகம் வந்து, போய்விட்டது.

"கேளு. போன வாரம் டாக்டருக்கும் உங்கப்பாவுக்கும் சண்டை. காட்டோரம் பன்னிக்குக் கம்பிக் கண்ணி வெச்சதுக்கு டாக்டர் திட்டியிருக்கார். தோட்டமே பார்த்திருக்கு. இன்னிக்கு உங்கப்பா சட்டையில டாக்டர் ரத்தம். போதாதா?"

"காலையில மழை சார்! மரப்பட்டை நனைஞ்சிருந்தா எவன் பால் வெட்டுவான்? ஒம்பதரை வரைக்கும் எல்லாரும் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துலதான் குந்தியிருந்தாங்க. வேலை வாங்குற மண்டோர் முனியாண்டி மாமாவைக் கேளுங்க!"

"கேட்டாச்சு. ஆறு மணியிலேர்ந்து ஒம்பதரை வரைக்கும் சன்னாசி என் கண்ணு முன்னாலதான்னு சத்தியம் பண்றாரு. சரி. ஒம்பதரைக்கு அப்புறம்?"

"அவங்கவங்க மர நிரைக்குப் போயிருப்பாங்க..."

"தனியா! அதான் விஷயம். உடம்பு தண்ணியில ஊறிக் கிடந்ததால எட்டுலேர்ந்து பதினொன்னு வரைக்கும் எப்ப வேணா செத்திருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆனா பத்து பத்துக்கு டாக்டர் உயிரோட இருந்தார்."

"யாரு சொன்னது?"

"டாக்டரே! பத்து பத்துக்கு அவர் போன்லேர்ந்து உங்க பாஸுக்கு மெயில் போயிருக்கு. இருநூறு பேர் சாட்சி!"

அந்த நேரம் கதவு திறந்தது.

முதலில் வாசனை வந்தது. அப்புறம் சுகுமாறன் வந்தார்.

மையத்தின் தகவல் தொடர்புத் தலைவர். 'வனத்தின் குரல்' என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிற மகான்! காட்டு பூட்ஸ் போட்டிருந்தார். அதில் காடு ஒட்டியதே இல்லை. ஒருமுறை 'நம் காட்டின் தாய்மரம்' என்று கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போட்டார். அது யாரோ வீட்டு டுரியான் பழமரம். வீட்டுக்காரர் வந்து திட்டினார்.

"பாவம் ரோகினி" என்றார் சுகுமாறன். குரலில் பாவமே இல்லை. "தோட்டத்துப் பொண்ணுன்னு நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். அப்பா இப்படிப் பண்ணிட்டாரே!"

"நான் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வந்தேன் பாஸ்."

"அதையும் நான்தானே திருத்தினேன் லா!"

மகேந்திரன் குறுக்கே வந்தார். "சார், காலையில நடந்ததை இன்னொருக்கா சொல்லுங்க."

"சொல்றேனே! பத்து மணிக்கு நான் டவுன் மண்டபத்துல மேடையில இருந்தேன். பேச்சோட தலைப்பு, 'காடு நம்மோடு பேசுகிறது'..."

"என்ன பேசுச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்?"

"ஒண்ணுமில்ல, மேல சொல்லுங்க."

"மறுநடவுச் செய்தி ஒண்ணு டாக்டரோட ஓகேவுக்காகக் காத்துக்கிட்டிருந்தது. டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் வந்து காட்டோரம் நட்டாரே, நாலாயிரம் கன்னு... அது. பத்து பத்துக்கு என் போன் 'டிங்'குன்னுச்சு. மேடையிலேயே படிச்சேன். 'டாக்டர் ஓகே சொல்லிட்டார்!'னு தூக்கிக் காட்டினேன். கைதட்டல்! உடனே ரோகினிக்குத் தட்டிவிட்டேன், போடுன்னு."

உண்மை. 'வெளியிடு' என்று ஒரே வார்த்தை வந்தது. அவளும் பத்தேகாலுக்கு வெளியிட்டாள்.

'காடு திரும்பியது! நட்ட கன்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று உயிருடன்!'

"டாக்டரோட மெயிலை நான் பார்க்கலாமா சார்?" என்றாள் ரோகினி.

"நீ பார்க்கலியா?"

"பாஸுக்கு மட்டும்தான் வந்திருக்கு."

மகேந்திரன் தாளைத் தள்ளினார்.

அதில் ஒரே வரி.

'ஓகே. வெரி குட். வெளியிடலாம்.'

ரோகினி படித்தாள். மறுபடி படித்தாள்...

தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்!

"சார்... இதை எழுதும்போது டாக்டர் உயிரோட இல்ல!"

"என்னம்மா உளர்றே?"

"மூணு வருஷமா அவருக்கு நான் அனுப்பின செய்தி முப்பத்தொண்ணு. ஒண்ணு... ஒரே ஒண்ணு கூட திருத்தாம வந்ததில்ல! 'நிரூபணமானது'ன்னு எழுதினா அடிச்சிட்டு 'தெரிகிறது'ன்னு போடுவாரு. 'எல்லா மரமும்'னு எழுதினா, 'நீ எண்ணினியா?'ன்னு கேட்பாரு. தலைப்புல ஆச்சரியக்குறி போட்டா அன்னிக்கு முழுக்கப் பேச மாட்டாரு. 'புத்தாண்டு வாழ்த்துகள்'னு ஒரு அட்டை அனுப்பினேன் சார்... 'யாருக்கு, எந்த நாட்காட்டிப்படி?'ன்னு திருப்பி அனுப்பினாரு!"

"அவ்வளவு மோசமா?"

"விஞ்ஞானி சார்! இந்தச் செய்திக்கு அவரு 'வெரி குட்'டா? போன மாசம் அந்தக் கன்னுங்களை அவரே நடந்து எண்ணினாரு. நாலாயிரத்துல உயிரோட இருந்தது வெறும் அறுபத்திரண்டு கன்னு! நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணுன்னு எழுதச் சொன்னது பாஸ். 'நீ எழுது, டாக்டரை நான் பார்த்துக்கறேன்'னாரு. எழுதினேன். எப்படியும் டாக்டர் கிழிச்சுப் போட்டுடுவாருன்னுதான் எழுதினேன்..."



மகேந்திரன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

ஐந்து நிமிடம்.

சுகுமாறன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது.

"டாக்டர் போனைப் பிரிச்சுப் பார்த்தாச்சு. பூட்டே போடாத போன், யாரு வேணா திறக்கலாம். அந்த மெயில் பத்து பத்துக்குத்தான் போயிருக்கு. ஆனா எழுதினது எட்டு முப்பத்தேழுக்கு! பத்து பத்துக்குப் போகட்டும்னு நேரம் குறிச்சு வெச்சிருக்காங்க!"

"எட்டரைக்கு எங்கப்பா பெரட்டுக் களத்துல!" ரோகினி கத்தினாள்.

"ஆமா. உங்கப்பாவை விடுறதா வேணாமான்னு இப்ப ஒரே கேள்விதான். நேரம் குறிச்சது டாக்டரா, கொலைகாரனா?"

"டாக்டர்தான்!" சுகுமாறன் சட்டென்று சொன்னார். "மழை நேரம். காட்டோரம் லைன் கிடைக்காது. முன்கூட்டியே எழுதி வெச்சிருப்பார். இதெல்லாம் எங்க தொழில்ல சகஜம் சார்!"

ரோகினி தன் போனை நீட்டினாள். முப்பத்தொரு மெயில்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புத் திருத்தங்கள்... அம்மை போட்ட மாதிரி!

மகேந்திரன் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடைசியில் அவருக்கே வேர்த்தது.

"இந்த மனுஷன் 'வெரி குட்'னு எழுத மாட்டான். கொலைகாரன்தான் எழுதியிருக்கான். சரி, இந்தச் செய்தி ஓகேவுக்குக் காத்திருக்குன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. பாஸுக்கு. எனக்கு. வேற யாருக்கும் அனுப்பலை."

"அப்ப மிச்சம் ரெண்டு பேர்."



சுகுமாறனின் விரல் துப்பாக்கி மாதிரி நீண்டது!

"அவதான்! அப்பனைத் திட்டினதுக்கு மக பழி வாங்கிட்டா! அந்தத் தோட்டத்துலயே பொறந்தவ. மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. அப்பனும் மகளும் சேர்ந்து பண்ணியிருக்காங்க! இதுக்குத்தான் சார் தோட்டத்துல வளர்ந்ததை ஆபீசுக்குள்ள விடக்கூடாதுங்கறது!"

ரோகினி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அப்பாவோடு தானும் உள்ளேயா?

மகேந்திரன் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"இருக்கலாம். ஆனா ஒண்ணு சார். டாக்டர் திருத்தாம விடமாட்டார்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியும். கள்ள மெயில் எழுதறதா இருந்தா நாலு திருத்தமாவது போட்டிருக்கும். இது அவரோட பதிலை ஒரு தடவைகூடப் படிக்காத ஆள் பண்ண தப்பு."

"அப்ப நான் இல்ல!" சுகுமாறன் நெஞ்சை நிமிர்த்தினார். "பதினோரு வருஷ அனுபவம் சார் எனக்கு! மையத்துலேர்ந்து போற ஒவ்வொரு செய்தியும் நான் எழுதினது. டாக்டரோட ஒவ்வொரு திருத்தமும் நான் பார்த்தது. இவ சும்மா டைப் அடிக்கிற பொண்ணு! விருது வாங்கினது யாரு? நான்! பேப்பர்ல பேர் வந்தது யாருக்கு? எனக்கு!"

"நிச்சயமா?"

"சத்தியமா!"

"ரொம்ப நல்லது." மகேந்திரன் முன்னால் குனிந்தார். "டாக்டர் திருத்தாம விடவே மாட்டார்னு உங்களுக்குத் தெரியும். அறுபத்திரண்டு கன்னை நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு ஆக்கின செய்திக்கு 'வெரி குட்'னு ஒரு மெயில் வருது. பார்த்த உடனே பொய்னு தெரிஞ்சிருக்கணுமே? பதறிப்போய் அவருக்குப் போன் பண்ணியிருக்கணுமே? நீங்க என்னடான்னா மேடையில தூக்கிக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கீங்க. பொய்னு தெரிஞ்சே வெளியிட்டீங்களா... இல்ல, எழுதினதே நீங்களா?"

சுகுமாறன் கைக்குட்டையைத் தேடினார்.

"அது... வந்து... நான் கவனிக்கல..."

"ஒவ்வொரு திருத்தமும் பார்த்தவர், இதை மட்டும் கவனிக்கலியா?"

"இல்ல... சார்... நான் எங்க பார்த்தேன்..." சுகுமாறனுக்கு வியர்வை ஊற்றியது. உயிர் பெரிதா, விருது பெரிதா? உயிரே ஜெயித்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! எல்லாம் இவதான் எழுதுவா! டாக்டரோட பதிலெல்லாம் இவளுக்குத்தான் போகும். நான் ஒண்ணுகூடப் படிச்சதில்ல! அவரு திருத்துவாருங்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்! நான் பேரை மட்டும்தான் போட்டுக்குவேன்!"

சொல்லி முடித்த பிறகுதான்... தான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது.

பதிலை ஒரு தடவைகூடப் படிக்காத ஆள்!

சுகுமாறன் நாற்காலியில் சரிந்தார்.

"எண்ணிக்கையை மாத்தச் சொல்லிக் கெஞ்சத்தான் போனேன்... மழையில நின்னு மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணிக்கிட்டிருந்தார். 'செத்த கன்னு உயிரோட வராது, போய்யா'ன்னார். கன்னு அளக்கிற அவரோட அளவுக் கம்பி என் கையில கிடைச்சது..."

மகேந்திரன் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "சன்னாசியோட விலங்கைக் கழட்டிட்டு வா. அளவு இவருக்கும் சரியா இருக்கும். அப்புறம் இவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்க."

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பார்த்து எழுதுங்க அண்ணே. பதினோரு வருஷத்துல பாஸ் சொந்தமா சொன்ன முதல் அறிக்கை!"