முதல் பெயரைக் காணோம்

ஓர் அலறல்.

ஒமாஹா காட்டெருமைகள் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகம், இரண்டாம் மாடி. காலை வேளையில் காபி வாசனை மட்டுமே வரவேண்டிய இடத்திலிருந்து அந்த அலறல் வந்தது.

அலறியவள் துப்புரவுப் பணிப்பெண். திறந்திருந்தது வீரர் தேர்வு அறையின் கதவு. உள்ளே கம்பளத்தில் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார்.

தலையைச் சுற்றிச் சிவப்பு... நிறையச் சிவப்பு.

பாதுகாப்பு அதிகாரி டெல்பின் நோவாக் படியேறி வந்தாள். நகரப் போலீஸில் கொலைப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது குடித்துவிட்டுக் காரை மரத்தில் மோதும் வீரர்களை மீட்டு வருவதுதான் பிழைப்பு. ஒரு பிணத்துக்காக அவள் ஏங்கிப் போயிருந்தாள் என்றே சொல்லலாம்.

மண்டியிட்டாள். கழுத்தைத் தொட்டாள். ஏமாற்றம்.

"உயிர் இருக்கு. நம்ம வெண்டெல்தான்."

வெண்டெல் ப்ரிச்செட். அணியின் தலைமைச் சாரணர். நாடு முழுக்கக் கல்லூரி கல்லூரியாய் அலைந்து, பந்து விளையாடும் பையன்களின் உயரம், எடை, ஓட்டம், கைநீளம் எல்லாவற்றையும் அளந்துகொண்டு வருபவர். எங்கள் ஊர் மாட்டுச் சந்தைத் தரகர்களுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், தரகர்கள் மாட்டிடம் அதன் அப்பாவைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள்.

வெண்டெல் முனகினார்.

"அடிச்சுட்டாங்க டெல்பின்... பின்னாலருந்து..."

"யாரு?"

"பின்னால எனக்கு ஏதும்மா கண்ணு?"

டெல்பின் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கக் காந்தப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பையனின் பெயர். மேலே இருப்பவன் முதலில் வேண்டியவன். கீழே இருப்பவன் கிடைத்தால் போதும் என்பவன்.

எல்லாம் இருந்தன... உச்சியில் இருந்த ஒன்றைத் தவிர.

"முதல் பெயரைக் காணோம்," என்றாள்.

"ஐயையோ..." என்றபடி வாசலில் வந்து நின்றார் ராய்ஸ் டன்லெவி.

அணியின் பொது மேலாளர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர் கையில். அவரையே வீட்டுக்கு அனுப்புவது மட்டும் முதலாளியம்மா கையில்.

இன்று மாலை வீரர் தேர்வு. லீக்கின் அணிகள் வரிசையாகக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும் நாள். போன வருடம் தோற்றவனுக்கு முன்வரிசை, ஜெயித்தவனுக்குக் கடைசி வரிசை. காட்டெருமைகளுக்கு ஒன்பதாவது இடம். அதாவது, ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியாத அணி.

"புரூசார்ட் பேருதானே போச்சு?" என்று ராய்ஸ் தலையில் கைவைத்தார். "நம்ம ரகசியமே போச்சே. லூசியானாப் பையன். இடது டேக்கிள். அவனுக்காகத்தானே இவ்வளவு நாளா வாயைக் கட்டி உக்காந்திருந்தோம்."

இடது டேக்கிள் என்றால், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குக் காவல்காரன். மலை மாதிரி இருக்க வேண்டும், அசையக் கூடாது. போன வருடம் அந்த இடத்தில் நின்றவன் அசைந்தான்... நம் குவார்ட்டர்பேக்குக்குத் தோள்பட்டை எலும்பு போயிற்று. அணிக்கு ஓட்டைகள் பல இருந்தாலும் பெரிய ஓட்டை அதுதான். முதலாளியம்மா மர்னா ஹோல்ஸ்டெட் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: இந்தத் தேர்வில் நல்ல டேக்கிள் வரவேண்டும், இல்லையென்றால் ராய்ஸ் போகவேண்டும்.

"போலீஸைக் கூப்பிடறேன்," என்று டெல்பின் போனை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றார் ராய்ஸ் சட்டென்று. "ஆம்புலன்ஸும் வேண்டாம். வெளிய தெரிஞ்சா நாறிடும். மேடத்துக்கு மட்டும் நான் சொல்லிடறேன்."

"மேடத்துக்கா? சார், அதுக்கு நீங்க பேப்பர்லயே விளம்பரம் குடுக்கலாம்."

உண்மைதான். மர்னா ஹோல்ஸ்டெட் இறைச்சி ஆலைகளின் வாரிசு. கோடீஸ்வரி. ஆனால் அவள் வாய் ஓட்டைப் பானை. காலையில் அவளிடம் ஒன்றைச் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் கன்சாஸ் எல்லை வரை போய்விடும்.

ராய்ஸ் ஏற்கெனவே டயல் செய்துவிட்டார்.

"மேடம், அசம்பாவிதம் ஆயிடுச்சு. வெண்டெலை அடிச்சுப் போட்டு புரூசார்ட் பேரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க... ஆமா மேடம், டக்கோமாக்காரங்களாத்தான் இருக்கும். நமக்கு முன்னால எட்டாவது இடம் அவங்களோடது. அவங்களுக்கும் டேக்கிள் வேணும்... இல்ல மேடம், விடமாட்டேன். என்ன ஆனாலும் அந்தப் பையன் நமக்குத்தான். இது என் வாக்கு. தயவுசெஞ்சு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

போனை வைத்தபோது ராய்ஸின் உதட்டோரத்தில் ஏதோ ஓடியது.

சிரிப்பா?

டெல்பின் அதைப் பார்த்துவிட்டாள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கம்பளத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பை விரலால் தொட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

மிளகு.

ரத்தத்தில் சர்க்கரை இருக்கலாம், கொழுப்பு இருக்கலாம். பொடித்த மிளகு இருந்து அவள் பார்த்ததில்லை.

மதியம். ராய்ஸின் அறை. வெண்டெல் தலையில் பெரிய கட்டுடன் சோபாவில் சாய்ந்து, ஒரு தட்டு மாட்டிறைச்சி வறுவலை மும்முரமாகக் காலி செய்துகொண்டிருந்தார். ராய்ஸ் தொலைக்காட்சியின் ஒவ்வொரு சானலாகத் தாவிக்கொண்டிருந்தார்.

டெல்பின் கதவைச் சாத்தினாள்.

"வெண்டெல், அந்தக் கட்டை அவிழுங்க."

"வலிக்கும்மா..."

"மிளகு போட்டு ஊறவச்ச மாட்டிறைச்சியைத் தலையில பிழிஞ்சா எரியும். வலிக்காது. அவிழுங்க."

வெண்டெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ராய்ஸைப் பார்த்தார். ராய்ஸ் சானலை மாற்றுவதை நிறுத்தவில்லை.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார் சாதாரணமாக.

"திருட வந்தவன் சுவரை ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிருப்பான் சார். பட்டையைக் கழட்டிட்டு, ஆளையும் அடிச்சுப் போட்டுட்டா எதிராளி உஷாராயிடுவானே? திருட்டு நடந்தது ஊருக்குத் தெரியணும்னு நினைக்கறவன்தான் இப்படித் திருடுவான். கொலைப் பிரிவுல இருந்தவளை மாட்டு ரத்தத்தை வச்சு ஏமாத்தப் பாத்தீங்களே... அதுதான் எனக்கு அவமானமா இருக்கு."

"நீ நம்பினாத்தானே மத்தவன் நம்புவான்." ராய்ஸ் எழுந்தார். முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லை, பெருமை வழிந்தது. "உக்காரு, சொல்றேன். இந்த வருஷம் உருப்படியான இடது டேக்கிள் ரெண்டே பேர். ஒருத்தன் புரூசார்ட். டி.வி.யில எல்லாம் அவன் மூஞ்சிதான். இன்னொருத்தன் ஹால்வர்சன். நார்த் டகோட்டாவுல கோதுமைக்காட்டுப் பையன். பேசவே மாட்டான், ஆனா கல்லு."

"சரி."

"புரூசார்டோட இடது முழங்கால் போச்சு."

டெல்பின் நிமிர்ந்தாள்.

"லீக் டாக்டருங்க பாத்தாங்களே?"

"அவங்க பாத்தது ஸ்கேன் படத்தை," என்றார் வெண்டெல், வாயில் வறுவலுடன். "நான் அவன் காலேஜ்ல காலுக்குக் கட்டுப் போடறவரோட ரெண்டு பியர் குடிச்சேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால ஊசி போட்டுத்தான் இறக்கியிருக்காங்க. ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்."

"பாவம் அந்தப் பையன்."

"பாவம்தான்," என்றார் ராய்ஸ். "ஆனா டக்கோமாவோட பாவமா இருக்கட்டுமே. புரூசார்டுக்காக நாம சாகறோம்னு தெரிஞ்சா டக்கோமா அவனை எட்டாவதுல அள்ளிடும். ஒன்பதாவதுல ஹால்வர்சன் என் மடியில வந்து விழுவான். சும்மா போய் புரூசார்ட் வேணும்னு சொன்னா எவன் நம்புவான்? தேர்வு நடக்கற ஏப்ரல் மாசத்துல இந்த லீக்ல எவனும் உண்மை பேசமாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். அதான் ரத்தம் வேண்டியிருந்தது. ரத்தத்தை ஊரெல்லாம் கொண்டுபோக ஒரு வாய் வேண்டியிருந்தது."

"மேடம் வாய்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல? அது போதும்."

"அவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார். அணி அவங்களோடது."

"உண்மையைச் சொன்னா அதுவும்தானே ஊருக்குப் போயிடும்?"

சதுரங்கத்தில் ராணியையே பொய் சொல்லி நகர்த்துகிற ஆள் இவர் என்று டெல்பின் நினைத்துக்கொண்டாள். கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரனுக்கு ஊரே முட்டாளாகத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

ராய்ஸ் மறுபடி தொலைக்காட்சி பக்கம் திரும்பினார். நெற்றி சுருங்கியது.

"ஆனா ஒண்ணு புரியல. மதியமாயிடுச்சு, இன்னும் ஒரு சானல்லகூட வரலையே?"

மாலை. தேர்வு அறை நிரம்பி வழிந்தது. பயிற்சியாளர்கள், டாக்டர், சாரணர்கள். கட்டை அவிழ்க்காத வெண்டெல் மூலையில் தியாகியைப் போல உட்கார்ந்திருந்தார். நடுவில் ராய்ஸ். முன்னால், தேர்வு அரங்கத்தில் இருக்கும் அணி மேஜைக்குப் பெயர் சொல்லும் போன். சுவரில் அந்த அரங்கத்தைக் காட்டும் பெரிய திரை.

விஷயம் இன்னும் வெளியே வரவில்லை.

நிருபர்கள் மூன்று பேர் வேறு எதற்கோ கூப்பிட்டார்கள். யாரும் திருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ராய்ஸ் தானாகவே ஒருவனிடம், "இங்க ஒண்ணும் நடக்கலப்பா, யாருக்கும் அடியெல்லாம் படல" என்று சொல்லிப் பார்த்தார். அவன், "நல்லது சார்" என்று வைத்துவிட்டான்.

"மேடம் எங்க?" என்றார் ராய்ஸ்.

"காலையிலருந்து மேல அவங்க அறையிலதான்," என்றாள் டெல்பின். "கதவைப் பூட்டிட்டு யாரோடயோ போன்."

"யாரோடயோ போன்ல இருந்தா சரிதான். பரவிக்கிட்டு இருக்கு. டக்கோமாக்காரன் கமுக்கமா வச்சிருப்பான்."

திரையில் முதல் பெயர் வந்தது. இரண்டாவது. மூன்றாவது. கூட்டம் கத்தியது, அம்மாக்கள் அழுதார்கள், பையன்கள் தங்களை எடுத்த அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். நான்காவது போனது. புரூசார்டும் இருந்தான், ஹால்வர்சனும் இருந்தான்.

"பாத்தியா?" என்று ராய்ஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "கணக்கு பிசகாது. இன்னும் நாலே இடம்."

ஐந்தாவது இடம், ஃப்ரெஸ்னோ. கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

ஆரம்பித்த வேகத்தில் அறிவிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு எதையோ கேட்டார். முகம் மலர்ந்தது.

"ஒரு பரிமாற்றம்! ஃப்ரெஸ்னோ தன் ஐந்தாவது இடத்தை விட்டுக்கொடுக்கிறது. வாங்கியிருப்பது... ஒமாஹா!"

எல்லாத் தலைகளும் ராய்ஸ் பக்கம் திரும்பின.

"எந்த ஒமாஹா?" என்றார் ராய்ஸ்.

"நெப்ராஸ்காவுல ஒண்ணுதான் சார் இருக்கு," என்றாள் டெல்பின்.

"யாரு குடுத்தது? நான் இங்க உக்காந்திருக்கேனே! போனே அடிக்கலையே!"

திரையில் விவரம் ஓடியது. ஒமாஹா தந்தவை: இந்த வருடத்து ஒன்பதாவது இடம், அடுத்த வருடத்து முதல் தேர்வு, அதற்கடுத்த வருடத்து முதல் தேர்வு. வெண்டெல் தலைக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்போதுதான் அவருக்கு உண்மையாகவே வலித்தது.

அறிவிப்பாளர் மேடையேறினார்.

"ஒமாஹா காட்டெருமைகள் தேர்ந்தெடுப்பது... இடது டேக்கிள், லூசியானாவின் புரூசார்ட்!"

திரையில் அந்தப் பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். மேடைக்கு நடந்தான். படியில் ஏறும்போது இடது காலை ஒரு கணம் தயங்கி வைத்தான். உலகத்தில் வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த அறையில் மூன்று பேர் கவனித்தார்கள்.

கதவு படாரென்று திறந்தது.

மர்னா ஹோல்ஸ்டெட். கையில் ஷாம்பெயின் பாட்டில். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"ராய்ஸ்! எப்படி?"

ராய்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"காலையில நீ அழாத குறையாப் பேசினியா, எனக்கு மனசே ஆறல. திருட்டுப் பசங்க நம்ம பையனைத் தூக்கிட்டுப் போக விட்டுடுவேனா? ஃப்ரெஸ்னோ முதலாளி ரொம்பக் காலமா என்னோட சீட்டாடறவரு. பகல் பூரா பேரம் பேசினேன். அரங்கத்துல நம்ம மேஜையில என் அண்ணன் மகன்தானே உக்காந்திருக்கான்? பேரை எழுதி நீட்டுடான்னேன், நீட்டிட்டான்."

"மேடம்... என்கிட்ட ஒரு வார்த்தை..."

"எப்படிச் சொல்லுவேன்? நீதானே மூச்சு விடாதீங்கன்ன?" அவள் அவர் தோளில் செல்லமாகத் தட்டினாள். "எல்லாரும் என்னை ஓட்டை வாய்ங்கறாங்க. எனக்குத் தெரியாதா? இன்னிக்கு என் பியூட்டி பார்லர்காரிகிட்டகூடச் சொல்லல. ஜென்மத்துல முதல் தடவையா ஒரு ரகசியத்தைக் காப்பாத்திட்டேன் ராய்ஸ். உனக்காக."

எட்டாவது இடம் வந்தது. டக்கோமா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஹால்வர்சன். கோதுமைக்காட்டுப் பையன் பேசாமல் எழுந்துபோய்த் தொப்பியை வாங்கிக்கொண்டான். இரண்டு முழங்காலும் தேக்கு மரம்.

"பத்திரிகைக்காரங்க கீழ காத்திருக்காங்க," என்றாள் மர்னா. "போய்ப் பேசு. நல்லாச் சிரிச்சுக்கிட்டுப் பேசு. முதல்லருந்தே நமக்கு இவன்தான்னு சொல்லு. இவன் நின்னு ஆடினா நீ பத்து வருஷம் இங்கதான். ஆடலைன்னா..."

மிச்சத்தைச் சொல்லாமல் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கினாள். ராய்ஸ் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி விழுந்தார்.

டெல்பின் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வாசல்வரை அழைத்துப் போனாள். வெளியே காமிராக்களின் வெளிச்சம் தெரிந்தது.

"டெல்பின்," என்று கிசுகிசுத்தார் ராய்ஸ். "அங்க போய் நான் என்னன்னு சொல்றது?"

டெல்பின் அவருடைய டையைச் சரி செய்தாள்.

"தைரியமாப் போங்க சார். லீக்லயே இன்னிக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தின ஒரே மேலாளர் நீங்கதான்."