கரும்புக்குள் மருந்தடிக்கிறார்கள்

காரின் கண்ணாடிகள் நான்கும் ஏற்றப்பட்டிருந்தன, ஏசி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அப்படியும் உள்ளே மருந்து வாசனை வந்தது. வயலுக்கு அடிக்கிற மருந்து. அழுகின பூண்டில் மண்ணெண்ணெய் ஊற்றியது போல மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை. பூச்சிமருந்து உழவர் உடம்பை என்ன செய்கிறது என்று பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருபவரும், அன்று பிற்பகல்தான் கடலூரில் ‘ஆய்வுச் செம்மல்’ பட்டம் வாங்கியவருமான முனைவர் தியாகேசன், அந்த வாசனையை இவ்வளவு கிட்டத்தில் முகர்ந்ததே இல்லை. வயலுக்கு அவர் போவதில்லை. வயல்தான் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அவரைத் தேடி வந்து, வருடா வருடம் ரத்தம் கொடுத்துவிட்டு, எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு திரும்பிப் போகும்.

பின் இருக்கையில் பொன்னாடைகள் குவிந்து கிடந்தன. அதில் ஏதோ ஒன்றுதான் என்று ஆலப்பாக்கம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். ஜவுளிக்கடை வாசனை. கதவைச் சாத்தியதும் மறுபடி மருந்து.

மேடை ஏறுவதற்கு முன் சத்யப்பிரியா போனில் கூப்பிட்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பார்ப்பவள்.

“சார், ராஜமாணிக்கம் ரிசல்ட் வந்துடுச்சி. ரத்தத்துல நொதி ரொம்ப எறங்கிப் போச்சி சார். இன்னொரு தடவ மருந்து மேல பட்டா தாங்க மாட்டாரு. சொல்லிடலாமா?”

“விழா முடியட்டும்மா.”

“எந்த விழா சார்? பத்தாவது வருஷமா, பதினஞ்சாவது வருஷமா?”

துடுக்குக்காரி. மூன்றாவது வருடமே இதே கேள்வியைக் கேட்டவள். அப்போதே பலருக்கு ரத்தம் சரியில்லை. சொன்னால் மருந்தடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால், தொடர்ந்து மருந்து பட்டால் என்ன ஆகும் என்பதை யாரை வைத்துப் பார்ப்பது? எனவே எல்லாரிடமும் “நார்மல்” என்று சொல்லப்பட்டது. இடையில் செத்துப்போன பாலகுமார், சின்னம்மாள் முதலானவர்கள் அறிக்கையில் ‘தொடர்பில் இல்லாதவர்கள்’ ஆனார்கள். மண்ணுக்குள் போனவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்வது கஷ்டம்தான்.

விழாவில் உழவர்கள் சார்பில் பொன்னாடை போர்த்த வந்தவர் ராஜமாணிக்கமேதான். நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு. கை நடுங்கியது. மைக் முன்னால் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்: “என் ரத்தம் எப்பிடி சார் இருக்கு?”

தியாகேசன் அவர் தோளைத் தட்டினார். “இரும்பு மாதிரி இருக்கு!”

மண்டபமே கைதட்டியது.

அந்தக் கைதட்டல் இப்போது காருக்குள்ளும் கேட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். ராஜமாணிக்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள்தான் பேசினாள்.

“அவுரு கரும்புக்கு மருந்தடிக்கப் போய்ட்டாரே சார். ஒடம்பு முடியலயே, நாளைக்கி அடிச்சிக்கலாம்னேன். இரும்புன்னு சாரே சொல்லிட்டாரு, உனக்கு இன்னாடின்னு என் வாய அடச்சிட்டு டேங்க்க தூக்கிட்டு பூட்டாரு. போன வேற வூட்லயே வெச்சிட்டாரு. ஏன் சார்?”

“ஒன்னுமில்லம்மா. யாரையாவது அனுப்பி, உடனே வீட்டுக்கு வரச் சொல்லுங்க.”

“யாரு சார் இருக்கா? புள்ள இளவரசு மெட்ராசுல இருக்கான். எனக்கு அவ்ளோ தூரம் நடக்க முடியாது.”

வண்டியைத் திருப்பினார். போய்ச் சேர்ந்துவிடலாம், சொல்லிவிடலாம், இந்த ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று கடலூர் நெரிசலிலும், ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னாலும் முனகிக்கொண்டே வந்தார். கொளஞ்சியம்மாள் சொன்ன மோட்டார் கொட்டகையருகே கார் நின்றபோது வானத்தில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் மிச்சமிருந்தது. காற்றே இல்லை. ஆள் உயரக் கரும்பு அசையாமல் நின்றது. வாசனை இங்கே காருக்குள் இருந்ததைவிட அடர்த்தியாக, ஈரமாக, கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

உள்ளே சத்தம் கேட்டது. முதுகில் மாட்டிய டேங்க்கின் கைப்பிடியை அழுத்துகிற சத்தம். கிறீச். பிறகு புஸ்ஸென்று தூறல். கிறீச். புஸ்.

உயிரோடுதான் இருக்கிறார். தியாகேசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ராஜமாணிக்கம்! போதும், வெளிய வாங்க!”

சத்தம் நிற்கவில்லை. பாலிஷ் போட்ட ஷூ சேற்றில் புதைய வரப்பில் ஓடினார். கொஞ்ச தூரத்தில் கால் எதிலோ இடறியது. போன் விளக்கைப் போட்டார்.

ராஜமாணிக்கம். வரப்பில் சாய்ந்து கிடந்தார். வாயோரம் நுரை. டேங்க் பக்கத்தில், கவிழ்ந்து, காலியாக.

கிறீச். புஸ்.

தியாகேசன் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். கண் திறந்தது. கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருந்தது.

“சார்... நீங்களா? இம்மாந்தூரம் எதுக்கு சார்...”

“பேசாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். உள்ள அடிக்கிறது யாரு? கை குடுக்கக் கூப்பிடுங்க.”

“நம்ம ஆளுங்கதான் சார். பாலகுமாரு... சின்னம்மா அக்கா... எல்லாரும்.”

கிறீச். இடது பக்கம். கிறீச். வலது பக்கம். பின்னால். இன்னும் உள்ளே, இன்னும் தூரத்தில். வயல் முழுக்க.

“அவங்கள்ளாம் செத்துப்...”

“ஆமா சார்.” ராஜமாணிக்கம் கூச்சத்தோடு சிரித்தார். “யாரும் நிறுத்தச் சொல்லல. அதான் அடிச்சிகிட்டே இருக்காங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது. மூச்சு வரவில்லை. தியாகேசன் உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். மடியில் தலை கனத்தது.

கிறீச். புஸ். கிறீச். புஸ்.

“நிறுத்துங்க!” தொண்டை கிழிந்தது. “எல்லாரும் நிறுத்துங்க! ரத்தம் சரியில்ல! யாருக்குமே சரியில்ல!”

நின்றது.

எல்லாம் ஒரே நொடியில்.

தவளை இல்லை. பூச்சி இல்லை. கரும்புத் தோகை மட்டும் உரசியது. காற்றில்லாமல். அவரை நோக்கி.

போன் விளக்கைத் தூக்கினார்.

வரிசை வரிசையாக, ஒவ்வொரு கரும்புச் சாலிலும் நின்றார்கள். இடிக்காமல், முந்தாமல். முகம் தெரியாத மருந்துப் பனிக்குள், சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையின் உள்பக்கம் தெரிய, அவரிடம் கையை நீட்டிக்கொண்டு.