மேல் ஸ்டோருக்கு ஒரு தனி முகவரி

போடிமெட்டுக்குக் கீழே, மலைச்சரிவில் காசிராஜனின் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. காயை உலர்த்த அங்கே இரண்டு ஸ்டோர்கள். ஒன்று மேட்டில், மற்றொன்று பள்ளத்தில். உலரும் அறையை மூடிவிட்டால் வேலை முடியும்வரை திறக்கக் கூடாது. ஆகவே உள்ளே இருக்கும் சூட்டை வெளியிலிருந்தே அறிய, ஒவ்வொரு ஸ்டோரிலும் ஒரு வெப்பமானியையும், அதன் அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஒரு ரூட்டரையும் புதிதாகப் பொருத்தியிருந்தார்.

அன்று அந்தக் கைப்பேசிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மேல் ஸ்டோரின் சூடு ஒரு கணம் நாற்பத்தைந்து டிகிரி என்றது; மறுகணம் அறுபது என்றது.

"ஈஸ்வரா, விறகை இழு!" என்று கத்தினார் காசிராஜன். "இல்ல, இல்ல, விறகைப் போடு!"

மேல் ஸ்டோரின் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஈஸ்வரன் வியர்வையைத் துடைத்தார்.

"இழுக்கவா, போடவா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே. அடுப்பே முழிக்குது!"

காசிராஜனின் மகள் சுகன்யா ஏழாம் வகுப்பு மாணவி. அவளுக்குச் சிரிப்பு வந்தது; அம்மா கற்பகத்தின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவ்வாண்டின் முதல் அறுவடை முழுவதும் உள்ளே இருந்தது. சூடு ஐம்பதை மிஞ்சினால் காயின் பச்சை நிறம் போய்விடும். வெளுத்த காயைப் போடி ஏலச் சந்தையில் எவரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

"அப்பா, நான் பாக்கட்டுமா? பள்ளிக்கூடத்துல ரூட்டருக்குக் கட்டளை எழுதிப் பழகியிருக்கேன்."

"அது பெரியவங்க சோலிம்மா."

"பெரியவங்க சோலியைத்தான் காலையிலேர்ந்து பாக்குறோமே! அவளை விடுங்க" என்றாள் கற்பகம்.

சுகன்யா கீழ் ஸ்டோரின் ரூட்டரோடு மடிக்கணினியை வயரால் இணைத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டுமே தோன்றின. அங்கே படமும் இல்லை, பொத்தானும் இல்லை. எதையும் எழுதித்தான் கேட்க வேண்டும். "உன் முகவரி என்ன?" என்பதற்கான கட்டளையைத் தட்டினாள். 192.168.10.5 என்று பதில் வந்தது.

மேட்டுக்கு ஓடி, மேல் ஸ்டோரின் ரூட்டரிடமும் அதையே கேட்டாள். அதுவும் 192.168.10.5 என்றது!

"ரெண்டுக்கும் ஒரே முகவரியை யாருப்பா கொடுத்தது?"

"நான்தான்" என்றார் காசிராஜன் பெருமையாக. "நம்ம மூட்டைக்கெல்லாம் ஒரே மார்க்குதானே போடுறோம்? அப்பத்தானே நம்ம சரக்குன்னு தெரியும்!"

கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகன்யா சிரிக்கவில்லை.

"மூட்டைக்கு அது சரிப்பா. இங்க, ஒரே பேரைக் கூப்பிட்டதும் ரெண்டு பேரு எந்திரிச்சு 'உள்ளேன் ஐயா'ங்கிறாங்க. கைப்பேசி பாவம், என்ன செய்யும்?"

மேல் ஸ்டோரின் ரூட்டரில் பழைய முகவரியை நீக்கிவிட்டு, 192.168.10.6 என்று கவனமாகத் தட்டினாள். கைப்பேசியிலும் அதைப் பதிந்தாள். கீழே நாற்பத்தைந்து, மேலே அறுபது!

"ஈஸ்வரன் மாமா, விறகை இழுங்க, வெரசா!"

ஈஸ்வரன் இழுத்தார். சூடு இறங்கத் தொடங்கியது. அந்நேரம் பார்த்து மின்சாரம் போய், உடனே திரும்பி வந்தது. கைப்பேசி மறுபடியும் பிதற்றியது.

"போச்சு!" என்று தலையில் கைவைத்தார் காசிராஜன்.

சுகன்யா உதட்டைக் கடித்தாள். "தப்பு என்னோடதுதாம்ப்பா. முகவரியை மாத்தச் சொன்னேன். ஞாபகம் வச்சுக்கச் சொல்லல."

மீண்டும் புதிய முகவரியைத் தட்டினாள். இம்முறை, சேமிக்கச் சொல்லும் கட்டளையையும் சேர்த்தே தட்டினாள். பிறகு எழுந்து போய், ரூட்டரின் மின்வயரைத் தானே வெடுக்கென்று பிடுங்கினாள்!

"ஆத்தா, என்ன பண்ற?" என்று அலறினார் அப்பா.

"மறுபடி கரண்டு போறதுக்கு முன்னால நானே சோதிச்சுப் பாத்துர்றேன்."

வயரை மறுபடி செருகினாள். ரூட்டரின் விளக்குகள் மினுங்கின. நால்வரும் கைப்பேசியின் மேல் கவிழ்ந்தார்கள்.

கீழே நாற்பத்தைந்து. மேலே ஐம்பது. எண்கள் அசையவில்லை.

ஈஸ்வரன் அடித்த விசில் பள்ளத்தாக்கின் மறுபுறம்வரை கேட்டது.

மறுநாள் காலையில் மேல் ஸ்டோரைத் திறந்தபோது, தட்டுகள் நிறையக் காய்கள் பச்சைப்பசேலென்று சலசலத்தன. கற்பகம் இரு கைகளாலும் அள்ளி முகர்ந்துவிட்டு, மகளின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

சற்று நேரத்தில் பள்ளிக்குப் போகும் ஜீப் வந்து நின்றது. சுகன்யா ஏறி அமர்ந்ததும், காசிராஜன் ஓட்டுநரிடம் தோட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"வளைவுல மெதுவாப் போங்க மாப்ளே! எங்க இன்ஜினியரு வர்றாங்க!"