காடைக் கூண்டுக்குக் காவல்

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறானா, செத்தானா என்று யாரும் கேட்பதில்லை. அவன் கூண்டில் எத்தனை முட்டை கிடக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால்தான் என் காடைக் கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினேன்.

கொல்கத்தா கிடர்பூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கிறது அந்தக் கூண்டு. பன்னிரண்டு காடைகள். துறைமுகத்தில் மூட்டை தூக்குவதை விட்ட பிறகு எனக்குத் துணை அவைதான். மகன் நியூ டவுனில் இருக்கிறான். இதே ஊர்தான். துர்கா பூஜைக்குக்கூட வரவில்லை.

தினமும் எட்டு, ஒன்பது முட்டை கிடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது ஒன்றுகூட இல்லை. எவனோ சாக்குக்குள்ளும் கைவிடுகிறான்.

ஒருநாள் காலையில் மேலே போனால், ஒரு சிறுமி சாக்கு ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாரு நீ?"

"மாதங்கி. ரெண்டாவது மாடி. போன மாசம்தான் வந்தோம், தாத்தா."

"முட்டை எங்கே?"

"நான் எடுக்கலை. எங்காத்துல முட்டையே சேர்க்க மாட்டா."

"அப்ப இங்க என்ன வேலை?"

"பூஜை லீவு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஆபீஸ். பேச யாரும் இல்ல. இதுங்க சத்தம் கேட்டுது, வந்தேன்."

நான் நம்பவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு காடையும் கறிக்கடைக்குப் போகுது. திருடனுக்கு என்னால தீனி போட முடியாது. அப்புறம் நீ சுவரோட பேசு."

அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கூண்டையே பார்த்தாள்.

"சாக்கு எப்ப கட்டினேள்?"

"மூணு வாரம் இருக்கும்."

"முட்டை எப்ப நின்னுது?"

"அதுக்கப்புறம்தான்."

"உள்ள ஒரே இருட்டு, தாத்தா. பகல்லயும் தூங்கிண்டிருக்கு. தீனி அப்படியே இருக்கு, பாருங்கோ. ராத்திரின்னு நினைச்சுண்டிருந்தா எப்படி முட்டை போடும்?"

பார்த்தேன். தீனி டப்பா நிறைந்துதான் இருந்தது.

"சாக்கை எடுத்தா திருடன் வருவான்."

"நான் காவல் இருக்கேன். லீவு முடியறவரைக்கும் கறிக்கடை வேண்டாம்."

சாக்கை அவிழ்த்தேன். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். காவல்காரியை யார் காவல் காப்பது? நானும் ஒரு வாளியைக் கவிழ்த்தேன்.

"தலையைச் சொறியறதே, அதுக்குப் பேரு ஜெய்ராம்."

"அது பொட்டைக் காடை."

"பரவாயில்ல. அது ஒண்ணும் சொல்லலையே."

துறைமுகத்தைப் பற்றிக் கேட்டாள். முதல் நாள் இரண்டு வார்த்தை சொன்னேன். நாலாம் நாள் மத்தியானச் சோற்றையே மறந்துவிட்டேன். யாரிடமும் அவ்வளவு பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வைக்கோலில் புள்ளி போட்ட முட்டை ஒன்று கிடந்தது. மாதங்கி ஒரே விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு, தாத்தா. வெளிச்சம்தான் காரணம்."

"திருடன்தான். உன்னைப் பார்த்துப் பயந்துட்டான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, திருடன்தான். அப்ப ஸ்கூல் விட்டதும் தினமும் காவலுக்கு வரணுமே?"

"பின்னே?"

திருடன்தான் என்று இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. வெளிச்சமாவது, முட்டையாவது என்று முனகிக்கொண்டே, காடைத் தீனி வாங்கப் படியிறங்கிப் போனேன்.