மைக்கூடு ஆன்லைனில் இருக்கிறது

“மூக்குக்கண்ணாடியப் போட்டுப் பாத்ததும் செத்துப்போன அண்ணன் ஞாபகம் வந்துடுச்சாம் அந்த ஆளுக்கு. அப்படியே நின்னுட்டாராம். பாவம்ல?”

கூடத்திலிருந்து தம்பியின் குரல் கேட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் யாரோடோ விளையாடியபடி வழக்கம்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடினாள். நுரை வழியும் கைகள் அந்தரத்தில் நின்றன.

அவன் சொன்ன ஆள் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முந்தின நாள் வந்தவர். அவள் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, ஃப்ரேமில் பொருத்தி எடுத்து வந்து அவர் மூக்கின்மேல் வைத்தாள். எதிர்க் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, “எங்க அண்ணன் மாதிரியே இருக்கேம்மா” என்றார். அப்படியே நின்றுவிட்டார். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. டைரியில் மட்டும்தான் எழுதினாள்.

டைரி எழுதுவது டாக்டர் சொல்லி வந்த பழக்கம். தூக்கம் வராமல் தவித்த நாட்களில், மாத்திரைக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் எழுதுவாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் காலை மிதித்தவன், மதியம் சாப்பாட்டில் உப்பில்லாதது, ஒரே ஃப்ரேமை மூன்று தடவை மாற்றிக் கேட்டுவிட்டு முதலில் பார்த்ததையே வாங்கிப்போன மகராசி. எழுதி முடித்தால் தலைக்குள் கூட்டிப் பெருக்கினாற்போல இருக்கும். அதில் ஒருவன் புகுந்து பார்க்கிறான் என்றால்?

அவள் சண்டைக்குப் போகவில்லை. சந்தேகம் வந்தால் உடனே கேட்டுவிடுகிற ரகமும் அல்ல அவள். தம்பி பார்சல் டெலிவரி வேலையில் வண்டியோடு சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து பகல் முழுக்க இந்தச் சின்ன வீட்டில் தனியாக அடைந்து கிடக்கிறான். அக்காவின் மேஜையைக் குடைந்திருக்கலாம். ஆனால் குடைந்தவன் அதை இப்படிப் பகிரங்கமாக, அவள் காதில் விழும்படி சொல்வானா என்பதுதான் இடித்தது.

மறுநாள் கடையிலிருந்து வரும்போது, தேய்ப்பு இயந்திரத்தின் அடித்தட்டில் சேர்ந்திருந்த லென்ஸ் தூளைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தாள். மாவைவிட மெல்லிய வெள்ளைத் தூள். விரல் பட்டால் ரேகை வரை பதியும். அன்று மாலை டைரியில் ஒரு பச்சைப் பொய்யை எழுதினாள். கடையின் பின்னறையில் பழைய ஃப்ரேம் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருப்பதாகவும், ஒன்றுக்கு மட்டும் வாலில் வெள்ளை முடிச்சு இருப்பதாகவும். எழுதும்போதே சிரிப்பு வந்தது. மூடி, இழுப்பறையில் வைத்து, அட்டைமேல் தூளை ஊதிப் படரவிட்டாள்.

அடுத்த நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தாள். தூள் கலையவில்லை. மாலை திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு விரல் தடம்கூட இல்லை. இழுப்பறையின் ஓரம்வரை பனி பெய்தது போல அப்படியே கிடந்தது. தம்பியின்மேல் வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று மனம் இளகி, அவனுக்குப் பிடிக்குமே என்று முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, அந்த வால்ல முடிச்சு வெச்ச குட்டிய நம்ம எடுத்துக்கலாமா? நான்தான் வீட்லயே கெடக்கேனே. பாத்துக்கறேன்.”

வாணலியில் முட்டை கருகும் வாடை வந்தது.

“யாரு சொன்னா உனக்கு?”

“நீதான்.”

“நான் எப்ப சொன்னேன்?”

அவன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்து, அவள் கண்களைப் பார்த்ததும் மங்கியது. “சரி விடு. அங்க பேசினத இங்க பேசக்கூடாதுன்னு சொல்லிருக்க. மறந்துட்டேன்.”

அவனைப் பிடித்து உட்காரவைத்து அவள் கேட்டு வாங்கிய கதை இதுதான். பல மாதங்களுக்கு முன், அவனுடைய பழைய லேப்டாப்பை அவளுக்குக் கொடுத்து, அதில் தான் விளையாடும் கேமை ஏற்றி, அவள் பெயரில் ஒரு கணக்கும் தொடங்கிக் கொடுத்திருந்தான். ஆளில்லாத ஓர் ஊர். ஜோடி ஜோடியாக இருட்டு வீடுகளுக்குள் புகுந்து, கைவிளக்கு அணைவதற்குள் சாப்பாடும் மருந்தும் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். எந்நேரமும் எழுதுகிறவள் என்று கேலியாக அவளுக்கு ‘மைக்கூடு’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான். தன் பெயரைக் கால் உடைந்த பிறகு ‘நொண்டிக்குதிரை’ என்று மாற்றிக்கொண்டான். அவள் ஒரே ஒருமுறை விளையாடிப் பார்த்தாள். தலை சுற்றியது. மூடி அலமாரியின் மேல்தட்டில் போட்டதோடு சரி.

ஆனால் அவன் கால் உடைந்து வீட்டோடு ஆனதிலிருந்து, ஒவ்வொரு மாலையும் அவள் அறைக் கதவைச் சாத்தியதும் மைக்கூடு ஆன்லைனுக்கு வந்தது. பேசியது. அவள் குரலில்.

“நீ பக்கத்து ரூம்லருந்து ஆடறேன்னுதான் நெனச்சேன். கடையில நடந்ததெல்லாம் சொல்லுவ. நேர்ல கேக்காதடா, எனக்குக் கூச்சமா இருக்கும்னு சொன்ன.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான். “அங்க நீ நல்லா பேசுவக்கா. இங்கதான் உம்முன்னு இருக்க.”

அது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை நினைக்க நேரமில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி லேப்டாப்பை எடுத்தாள். மேலே தூசி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. பேட்டரி உப்பி, அடிப்பக்கம் வெடித்துப் பிளந்திருந்தது. எத்தனை அழுத்தியும் உயிர் வரவில்லை. பூனைக்குட்டி, டைரியில் மட்டும் தான் எழுதிவைத்த பொய் என்று அவனிடம் சொன்னாள்.

“எவனோ என் கணக்கத் திருடிருக்கான்” என்றாள். “குரலக்கூட இப்பல்லாம் மாத்திப் பேசறாங்களாமே.”

“டைரியையுமா திருடினான்?”

அன்று அவள் எழுதவில்லை. அறைக்குள் உட்காரவும் பிடிக்கவில்லை. கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடி, சாத்திய ஜன்னல்களையும் அணைத்த விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒளிந்துகொள்ள ஓர் ஆளுக்கு இடம் கிடையாது. இருந்தும் அலமாரிக்குள் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல், சுவரில் காதை வைத்தும் கேட்டாள். தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் பரிவு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை மூட்டத்தில் மாலை நேரத்துக்கு முன்பே வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. அவள் தன் அறைக் கதவை அகலத் திறந்து, அது ஆடாமல் இருக்க ஒரு செருப்பை அண்டக் கொடுத்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆன் பண்ணு. ஸ்பீக்கர்ல போடு. நானும் கேக்கறேன்.”

திரையில் நீலநிறத் தெரு விரிந்தது. ஒல்லியான ஓர் உருவம், நொண்டிக்குதிரை, கையில் விளக்கோடு ஒரு வீட்டு வாசலில் நின்றது. கேமுக்குள்ளும் மழை. வெளியே பெய்வது எது, ஸ்பீக்கரில் பெய்வது எது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் கலந்து இரைந்தன. பட்டனின் சொடுக்கு. தம்பியின் மூச்சில் முட்டையின் வாசனை. கட்டுக்குள் அரிக்கிறது என்று அவன் பேனாவை நுழைத்துச் சொறிகிற சத்தம். நேரம் போனது. எதுவும் வரவில்லை. வராது என்று அவள் தோள்கள் தளரத் தொடங்கின.

டிங் என்றது. திரையின் மூலையில் எழுத்துகள் வந்தன. மைக்கூடு ஆன்லைனில் இருக்கிறது.

“என்னடா, சாப்ட்டியா?”

அவளுடைய குரல்தான். யாரோ அவளைப் போலப் பேசுவதல்ல. காலையில் எழுந்ததும் வருமே, தொண்டையில் லேசான கரகரப்பு, அதுவும் இருந்தது.

தம்பி அவளைப் பார்த்தான். அவள் உதடுகளைப் பார்த்தான். அவை மூடியிருந்தன.

“ஏன் பேசமாட்டேங்கற? உன் பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்களே. யாருடா அது?”

“அக்கா” என்றான் அவன் மெதுவாக. “அக்கா இங்க இருக்கா.”

ஸ்பீக்கரில் நாற்காலி நகரும் ஓசை. அது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை. அவள் அறையிலிருந்தும் கேட்டது.

“நான் ரூம்ல எழுதிட்டிருக்கேன்டா” என்றது குரல். “உன் பக்கத்துல இருக்கறது நான் இல்ல.”

அவள் திரும்பினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. அண்டக் கொடுத்த செருப்பு கூடத்தின் நடுவில் கிடந்தது. கதவடியில் மஞ்சள் வெளிச்சம்.

“டேய், நான்தான்டா.” அவள் அவன் கையைப் பிடித்தாள். “என்னப் பாரு. என்ன வேணாலும் கேளு.”

அவன் யோசித்தான். முகம் வெளுத்திருந்தது. “சின்ன வயசுல நான் முழுங்கினது—”

“சட்டை பட்டன்” என்றது ஸ்பீக்கர்.

அதே சொல் அப்போதுதான் அவள் நாக்கின் நுனிக்கு வந்திருந்தது. அவன் இன்னொன்று கேட்டான். அதற்கும் அப்படித்தான். அவள் நினைக்க நினைக்க, அது சொன்னது. வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

தம்பி தன் கையை உருவிக்கொண்டான். சூடு பட்டதைப் போல. அந்த ஓர் அசைவு அவளை முறித்தது.

“நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்றான்.

“போகாத.”

“நீ இங்கயே இரு.” இதுவரை அவளிடம் அவன் பேசாத குரல். அந்நியரிடம் பேசும் குரல். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டான். அவள் குறுக்கே போய் நின்றாள். அவன் ஊன்றுகோலை அவளுக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே நகர்ந்தான்.

கதவு அவனுக்குத் திறந்தது. அவன் தொடுவதற்கு முன்னால்.

அவன் உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

மழை. அவ்வளவுதான். பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு. அவளுடைய சிரிப்பு. கூடவே தம்பியுடையது. நிம்மதியான, வாய்விட்ட சிரிப்பு. இருவரும் ஏதோ பேசினார்கள். பூனைக்குட்டியைப் பற்றி.

அவள் கதவருகே ஓடினாள். அப்போதுதான் ஸ்பீக்கர் மறுபடி பேசியது.

“அக்கா?”

தம்பியின் குரல். சின்னதாக. நடுங்கிக்கொண்டு.

“அக்கா, நீ வெளில இருக்கியா? நீதான் நெஜம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இங்க யாரும் இல்ல. இது நம்ம ரூம் இல்லக்கா.”

திரையில் நொண்டிக்குதிரை ஒரு வீட்டுக்குள் நின்றது. பொத்தானை அழுத்த யாரும் இல்லை. ஆனாலும் அது சுவரைத் தடவித் தடவி நடந்தது. விளக்கு சின்னதாகிக்கொண்டிருந்தது.

“கதவு எங்கக்கா இருக்கு? பேசிட்டே இரு. சத்தத்த வெச்சு வந்துடறேன்.”

அறைக்குள் சிரிப்பு நின்றது. உள்ளே ஒருவர் எழுந்தார். இன்னொருவரும். கதவை நோக்கி வந்தார்கள்.

கைப்பிடி மெல்லத் திரும்பியது.

அவள் பாய்ந்து அதைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும். கதவு நிலையில் காலை ஊன்றி உதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். உள்ளேயிருந்தும் இழுத்தார்கள். அவசரமில்லாமல். கதவு ஒரு நூல் திறந்தது. அவள் மூடினாள். மறுபடி ஒரு நூல்.

“அக்கா, பேசுக்கா. வெளக்கு அணையப் போவுது.”

அவள் தலையைத் திருப்பி, கூடத்துக்குக் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள்.

“பயப்படாதடா, நான் இருக்கேன்” என்றது கதவின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல், அவளுக்கு ஒரு மூச்சு முன்னால். “என் குரல் வர்ற பக்கமா வா.”

திரையில் உருவம் நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு, திரும்பியது. அந்தக் குரலை நோக்கி நடக்கத் தொடங்கியது.